நாலு நாள் நின்றால் செத்துப்போகிற கார்

2020 செப்டெம்பரில் ஒரு ஞாயிறு காலை. வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், பட்டுவேட்டியோடு நின்று என் காரின் சாவித் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி, கையில் கலியாணப் பரிசு. கைபிடியைத் தொட்டாலே திறக்கிற கார் அது. ரிமோட்டை அமத்தினேன், சத்தமில்லை. கதவைத் தட்டினேன், இழுத்தேன், கல்லுமாதிரி நின்றது. ரிமோட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பதும், கைபிடியின் முனையில் இருக்கிற பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினால்தான் துவாரம் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதையும் சொல்லித் தந்தவர் செக்யூரிட்டி ஐயா. அவர் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாரதி.

முகூர்த்தத்துக்கு முச்சக்கர வண்டியில் போனோம். ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து வாங்கி எட்டு மாதமான கார் கீழே படுத்திருந்தது.

எந்தக் கம்பனி, எந்த ஏஜென்ட் என்று எழுதப்போவதில்லை. ஐரோப்பியத் தயாரிப்பு, டர்போ பெற்றோல் எஞ்சின், அது போதும். இந்த ஊரில் ஒரு பிராண்டுக்கு பெரும்பாலும் ஒரே ஏஜென்ட்தான். பேரைச் சொன்னால் நாளைக்கு அதே வாசலில் நானும் போய் நிற்க வேண்டும்.

நான் புறக்கோட்டைப் பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவன். இருபது வருஷம் ஜப்பான் ரீகண்டிஷன் கார்களே ஓடினேன். ஒயில் மாற்றுவேன், பிரேக் பார்ப்பேன், வேறொன்றுக்கும் கராஜ் பக்கம் போனதில்லை. ஐம்பது வயதில் ஒரு ஆசை. ஷோரூமில் இருந்து புத்தம் புதிதாக ஒன்று, அதுவும் ஏஜென்டிடமே எடுத்தால் மூன்று வருஷம் கவலையில்லை என்று நினைத்தேன். 2020 ஜனவரியில் கையில் தந்தார்கள். ரிப்பன் கட்டி, கேக் வெட்டி, படம் எடுத்து, அன்பளிப்பாக முன் கண்ணாடியில் ஒரு டாஷ் கேமராவும் பூட்டித் தந்தார்கள். நேரே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில். நாலு ரயருக்கும் எலுமிச்சங்காய் வைத்து நசித்தோம். ஐயர், "நல்லா ஓடும்" என்றார். ஓடினபோதெல்லாம் நல்லாகத்தான் ஓடியது. நின்றபோதுதான் பிரச்சினை.

மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் மே 26 வரைக்கும் அது தொடர்ந்தது. அதே மார்ச் மாதம் வாகன இறக்குமதியையும் அரசாங்கம் நிறுத்தியது. ஊரடங்கு முடிந்து கீழே போய்ப் பார்த்தால் பற்றறி செத்துக் கிடந்தது, பிரேக் தட்டுகளில் செங்கல் நிறத்தில் துரு. எங்கள் கட்டடம் கடற்கரைப் பக்கம், உப்புக்காற்றுக்குத் துரு வருவது புதினமில்லை. இரண்டு தரம் பிரேக் பிடித்தால் அது போய்விடும், போயும்விட்டது. பற்றறியை ஏஜென்ட் வாரண்டியில் மாற்றித் தந்தார். "லொக்டவுன் சேர், எல்லாருக்கும் இப்படித்தான்" என்றான் சேர்விஸ் கவுண்டரில் இருந்த பையன். நம்பினேன். ஒன்பது கிழமை நின்றால் எந்தக் கார்தான் தாங்கும்?

ஆனால் செப்டெம்பரில் நின்றது நாலே நாள். ஒக்டோபர் கடைசியில் கொழும்பில் திரும்ப ஊரடங்கு, திரும்பவும் அதே கதை. டிசெம்பரில் ஒரு நீண்ட விடுமுறை, மூன்றாம் தரம். ஒவ்வொரு முறையும் ஜம்ப் கேபிள் போட்டு உயிர் கொடுத்து ஏஜென்டிடம் கொண்டுபோவேன். அவர்கள் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்துவிட்டுச் சொல்கிற பதில் மாறாது: "சேர் கிட்டத் தூரம்தான் ஓடுறீங்க. அதுதான் சார்ஜ் ஏறுதில்லை."

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டை எட்டுக் கிலோமீற்றர்தான். ஆனால் காலி வீதியில் அந்த எட்டுக் கிலோமீற்றருக்கு முக்கால் மணிநேரம் ஏ.சி. ஓடும், ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் தானாக நின்று தானாக எழும்பும். புதிய கார்களில் சார்ஜ் செய்கிற முறையும் பழைய மாதிரி இல்லை. பற்றறியை முட்ட நிரப்பாமல், பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைத்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் என் கட்டடத்தில் இதே மாதிரி ஓடுகிற வேறு கார்களும் நிற்கின்றனவே, அவை ஏன் சாகவில்லை? இதைக் கேட்டால் பையன் சிரிப்பான். நல்ல சிரிப்பு.

எனக்குக் கண் திறந்தது 2021 பெப்ரவரியில். அன்றைக்கு காரை எடுக்கப் போனபோது கவுண்டரில் ஆளில்லை. வேலைத்தளத்து வாசலில் நின்ற டெக்னிஷியன் பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. நான் பற்றறிக் கதையை முதலில் இருந்து சொல்ல, அவன் கையிலிருந்த ஜொப் கார்டைத் திருப்பிக் காட்டினான். அதில் ஆங்கிலத்தில் ஒரே வரி: பற்றறியைச் சோதிக்கவும். அவ்வளவுதான்.

"ஐயா, நீங்க கவுண்டர்ல சொல்றது எங்களுக்கு வராதுங்க. இதுல என்ன எழுதியிருக்கோ அதத்தான் நாங்க பார்ப்போம். பற்றறிய சோதிக்கச் சொன்னாங்க, சோதிச்சேன், பற்றறி நல்லாத்தான் இருக்கு."

ஒரு வருஷமாக நான் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி விளக்கிக்கொண்டிருந்தது முழுக்க கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுபோயிருக்கிறது. நாலு நாள் நின்றால் என்ற சொல், மூன்று முறை என்ற சொல், பற்றறி ஏற்கெனவே ஒருமுறை மாற்றியது என்ற சொல், ஒன்றுகூட அந்தக் கார்டில் இல்லை. கடையில் நான் ஒரு கிலோ ஆணி கடன் கொடுத்தாலும் துண்டில் எழுதுகிறவன். இவ்வளவு பெரிய விஷயத்தை வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். முறைப்பாட்டை நானே ஒரு தாளில் ஆங்கிலத்தில் ரைப் செய்து கொண்டுபோவேன். என்ன நடக்கிறது, எப்போது நடக்கிறது, எத்தனை முறை, எந்தத் திகதிகளில், அன்று ஓடோமீற்றரில் எவ்வளவு. பையனிடம் கொடுத்து, "இதை அப்படியே கார்டில் ஏற்றுங்கோ, அல்லது இந்தத் தாளைக் கார்டோடு பின் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவன் செய்யும்வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன். பிறகு கார்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பேன். காரை எடுக்கும்போதும் அப்படியே. என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதின பிறகுதான் கையெழுத்து. முதல் இரண்டு முறை முகம் சுளித்தார்கள். மூன்றாம் முறையிலிருந்து என்னைக் கண்டதும் தாளுக்குக் கை நீட்டினார்கள்.

எழுதிக் கொடுத்ததால் உடனே நோய் கண்டுபிடிபட்டது என்று நினைக்க வேண்டாம். "நாலு நாள் பூட்டி நின்றால் ஸ்டார்ட் ஆகாது" என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் காரை இரண்டு இரவு வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம், ஸ்டார்ட் ஆனது, பிழை இல்லை" என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கார்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிரிப்பு வராத நாட்களில் எடுத்துப் பார்ப்பேன்.

இதற்கு அவர்களை மட்டும் குறைசொல்வது முழு நியாயமில்லை. வாரண்டி வேலைக்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பது வெளிநாட்டுக் கம்பனி. இன்ன வேலைக்கு இவ்வளவு மணிநேரம் என்று அளந்துதான் கொடுக்கும். ஒரு சாமானைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டினால் கணக்கு நேர். ஒரு காரை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக யோசிக்கிறதுக்கு யாரும் தாராளமாகக் காசு கொடுப்பதில்லை. கொம்பியூட்டரில் பிழைக் குறியீடு வந்தால் அரைமணி வேலை, வராவிட்டால் "பிழை இல்லை". விட்டுவிட்டு வரும் நோய்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

நடுவில் ரயர்க் கதை ஒன்று. 2021 சித்திரை வருஷத்துக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டோம். மதவாச்சி தாண்டினதும் வலது பின் ரயரில் காற்று இல்லை என்று திரை கத்தியது. என் காரில் மாற்று ரயர் கிடையாது. ரன்பிளாட் ரயர், காற்றே இல்லாமல் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம். வவுனியாவுக்கு உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அங்கே மூன்று கடை ஏறினேன், அந்த அளவு ரயர் ஒருவரிடமும் இல்லை. ஓட்டை பக்கச் சுவரில் என்பதால் ஒட்டவும் முடியாது. ஏஜென்டின் இருபத்து நாலு மணிநேர வீதி உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். உடனே தூக்கினார்கள், மரியாதையாகப் பேசினார்கள், இலவசச் சேவை கொழும்பைச் சுற்றி இத்தனை கிலோமீற்றருக்குள்தான் என்றார்கள். வாசித்துப் பார்த்தால் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கடைசியில் என் காப்புறுதிக் கம்பனிதான் காரை ஏற்றிப் போகிற கரியர் அனுப்பியது. கார் தெற்கே போக, நாங்கள் வடக்கே மச்சானின் வானில் போனோம். அன்றிலிருந்து யாழ்ப்பாணம் போகும்போது டிக்கியில் ஒரு சாதாரண ரயரும் கழுத்துவரை சாமானும்தான். சொகுசுக் கார் என்று பெயர்.

பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். ஜப்பான் காருக்கு அது உண்மை. என்னுடையதுக்கு ஒரு கடைக்காரர் சேசி நம்பரைப் பார்த்துவிட்டு, "இது ஏஜென்டிட்டையே எடுங்க, எங்களுக்கும் அங்கதான் வரும்" என்று திருப்பி அனுப்பினார்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினும் கியர்பொக்ஸும் இன்றுவரைக்கும் ஒரு குறை வைக்கவில்லை. நடுத் திரைதான் சில நாள் பின்னால் எடுக்கும்போது கறுத்துப்போகும், போன் இணைப்பு அறுந்துபோகும். சேர்விஸில் மென்பொருள் புதுப்பித்தபின் திரை சரியானது, போன் இன்றும் அப்பப்போ முரண்டு பிடிக்கும். ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் அமெரிக்காவின் ஜே.டி. பவர் கணக்கெடுப்பை அனுப்பி வைப்பான். மூன்று வருஷம் ஓடின கார்களின் சொந்தக்காரரைக் கேட்டு, நூறு காருக்கு எத்தனை குறை என்று போடுகிற கணக்கு. 2024இல் சராசரி 190, 2025இல் 202. 2025இல் முதலிடம் வந்த லெக்ஸஸுக்கே 140. அதிகம் பேர் சொன்ன குறை எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை, போனைத் திரையோடு இணைக்கிற விஷயம். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் இந்தக் கணக்கு அமெரிக்க வீதிக்கும் அமெரிக்கச் சேர்விஸுக்கும் உரியது. நம்முடைய உப்புக்காற்றும், வீதி கிண்டி மூடாமல் போகிற குழிகளும், சாமான் கப்பலில் வருகிற நாட்களும் அதில் இல்லை.

2021 நடுப்பகுதியில் இரண்டாவது பற்றறியும் போனது. இந்த முறை, பற்றறி தேய்மானப் பொருள், அதற்கு ஒரு வருஷம்தான் என்றார்கள். எழுபதாயிரத்துச் சொச்சம் என் கையிலிருந்து.

பிறகு 2022. அந்த வருஷத்தை இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச்சுக்கு முன் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். நான் பஸ்ஸில் கடைக்குப் போனேன், கார் கீழே நின்றது, நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சார்ஜர் ஒன்று வாங்கினேன். தரிப்பிடத்தில் பிளக் இல்லை. செக்யூரிட்டி அறையிலிருந்து வயர் இழுத்தால் கரன்ட் இல்லை.

ஒகஸ்டில் எங்கள் தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிற ஹாஜியார், "தெமட்டகொடையில ஒரு நானா இருக்கார், வயர் வேலையில மன்னன்" என்று சொல்லி அனுப்பினார். கராஜ் என்று சொல்ல முடியாது, இரண்டு கார் நிற்கக்கூடிய தகரக் கொட்டகை. நானா காரைச் சுற்றி வந்தார், நான் கொண்டுபோன தாளை முழுக்க வாசித்தார். நான் தாள் எழுதத் தொடங்கின ஒன்றரை வருஷத்தில் அதை முழுக்க வாசித்த முதல் ஆள் அவர்தான்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பொனட்டைத் திறந்து, கொளுக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அமத்திப் பூட்டிவிட்டார். பொனட் மூடியிருக்கிறது என்று கார் நினைக்கும். டிக்கிக்கும் அப்படியே. சாவியைக் கூட வந்த இன்னொரு மருமகனிடம் கொடுத்து வீதி முனைக்கு அனுப்பினார், சாவி கிட்ட இருந்தால் சில கார் விழித்துக்கொண்டே இருக்குமாம். பற்றறியின் நெகற்றிவ் வயரைச் சுற்றி கரன்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றரைக் கவ்வவிட்டார். பிறகு ஒரு மணிநேரம் காரைத் தொடவே இல்லை. பிளேன்டீ குடித்தோம். உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கொம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். மீற்றரில் இலக்கம் இறங்கி இறங்கி வந்து, 0.05 அம்பியருக்குக் கீழே போக வேண்டியது 0.41இல் நின்றது.

"பாத்தீங்களா சேர், இது தூங்குதில்ல."

கணக்கைத் தாளில் போட்டார். 0.41 அம்பியர், இருபத்து நாலு மணிநேரம், ஒரு நாளைக்குப் பத்து அம்பியர் மணி மட்டில். என் பற்றறி 70. நாலு நாளில் நாற்பது போய்விடும். முட்ட நிரம்பாத பற்றறியில் மிச்சம் இருக்கிறது எஞ்சினைச் சுற்றப் போதாது. நாலு நாள் என்று நான் இரண்டு வருஷமாகச் சொன்ன இலக்கம் அந்தத் தாளில் தானாக வந்து விழுந்தது. எனக்குக் கண் கலங்கினது மாதிரி இருந்தது, வெட்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டேன்.

அடுத்ததாக ஃபியூஸ் பெட்டி. பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் தூங்கினதெல்லாம் திரும்ப எழும்பிவிடும் என்று, ஃபியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீற்றர் ஊசிகளை வைத்து வைத்துப் போனார். கரன்ட் ஓடாத ஃபியூஸில் பூச்சியம் காட்டும். ஓடுகிற ஒன்றில் ஊசி அசைந்தது. அந்த ஃபியூஸின் முதுகில் இன்னொரு ஃபியூஸை ஏற்றி, அதிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வயர் முன் கண்ணாடித் தூணுக்குள் ஏறியது. டாஷ் கேமரா. காரைப் பூட்டினால் கரன்ட் நிற்க வேண்டிய ஃபியூஸில் பூட்டாமல், எப்போதும் கரன்ட் இருக்கிற ஃபியூஸில் பூட்டியிருக்கிறார்கள். கீழே தரிப்பிடத்தில் பூனை ஓடினாலும் படம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. காரின் சொந்த உறுப்பு இல்லை என்பதால் கொம்பியூட்டருக்கு அப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது.

கேக்கோடு தந்த அன்பளிப்பு.

நானா அதை அந்த இடத்திலேயே கழற்றித் தர ஆயத்தமாக இருந்தார். நான் விடவில்லை, அதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வெளியாள் வயரில் கைவைத்தார் என்ற ஒரு சொல்லில் வாரண்டி முழுக்கச் சந்திக்கு வந்துவிடும். அளந்ததோடு நிறுத்தச் சொன்னேன். மீற்றரையும் ஃபியூஸையும் காரின் இலக்கத்தகட்டையும் ஒரே ஓட்டத்தில் வீடியோ எடுத்தேன். நானா மூவாயிரம் ரூபா கேட்டார். ஐயாயிரம் கொடுத்தேன்.

ஏஜென்டிடம் போனால், கேமரா காரின் வாரண்டியில் இல்லை, அது அன்பளிப்பு என்றார்கள். என்னிடம் 2020 ஜனவரியில் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் இருந்தது, அதில் டாஷ் கேமரா பூட்டப்பட்டது என்று ஒரு வரி. பூட்டினது யார் என்று கேட்டேன். வெளி ஒப்பந்தக்காரர் என்றார்கள். அவரை அனுப்பினது யார் என்று கேட்டேன். மனேஜர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

புதுக்கடையில் தொழில் செய்கிற சட்டத்தரணி நண்பன் ஒருவனிடம் கேட்டேன். வாங்கின பொருள் தரமாக இருக்க வேண்டும் என்கிற சட்டம் இங்கே இருக்கிறது, 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம், கொழும்பில் குதிரை வண்டி ஓடின காலத்தில் எழுதினது, இன்னும் செல்லும் என்றான். அமெரிக்காவில் உள்ளதுபோல், திரும்பத் திரும்பப் பழுதாகிற புதுக் காரை மாற்றித் தரக் கட்டாயப்படுத்துகிற தனிச் சட்டம் நமக்கு இல்லை. வழக்கு வைத்தால் கார் முதலில் சாகும், பிறகு நாம். வொக்ஷோல் வீதியில் இருக்கிற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருள் வாங்கி, அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் இரண்டரை வருஷம் பொறுமை காத்தவன். பற்றறிக்குப் பணம் கட்டிய அன்றே போயிருந்தால் அந்தச் சேவைக்காகவாவது கேட்டிருக்கலாம்.

கடைசியில் வேலை செய்தது மின்னஞ்சல். கோபமில்லாமல், ஒரு பக்கத்தில், ஏழு திகதி, ஏழு ஜொப் கார்ட் இலக்கம், வீடியோ, ஒப்படைப்புப் பத்திரத்தின் படம், எனக்கு வேண்டியது இரண்டே விஷயம்: கேமராவைச் சரியான ஃபியூஸில் பூட்டுங்கள், நான் வாங்கின பற்றறியின் பணத்தைத் தாருங்கள். ஏஜென்டின் பொது முகாமையாளருக்கு அனுப்பி, கார்க் கம்பனியின் ஆசியப் பிராந்திய அலுவலகத்துக்குப் பிரதி போட்டேன். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. கூட்டத்தில் இருந்த மனேஜரே பேசினார். பணமாகத் தரவில்லை, அடுத்த சேர்விஸ் பில்லில் கழித்தார்கள். நான் வியாபாரி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு எழும்புகிற நேரம் எனக்குத் தெரியும். அதன்பிறகு கார் பன்னிரண்டு நாள் நின்று ஒரே அமத்தலில் எழும்பியிருக்கிறது.

தாள் பழக்கம் இன்னொரு முறையும் காப்பாற்றியது. 2022 டிசெம்பரில், வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் முன் இடப்பக்கம் "கொட்டுக்" என்று ஒரு சத்தம். கொண்டுபோனேன். ஓட்டிப் பார்த்தோம், வழமைக்கு மாறாக எதுவும் இல்லை என்று கார்டில் எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. டெக்னிஷியனைப் பக்கத்தில் ஏற்றி, நானே வாசலில் இருந்த வேகத்தடையில் மூன்று தரம் ஏறி இறங்கினேன். மூன்றாம் தரம் அவனே "ஓம் சேர்" என்று தலையாட்டினான். சத்தம் உறுதிப்படுத்தப்பட்டது, கன்ட்ரோல் ஆம் புஷ் (சில்லைத் தாங்கும் கையின் ரப்பர்) தேய்ந்திருக்கலாம் என்று எழுதவைத்த பிறகுதான் கையெழுத்து. சாமான் வெளிநாட்டிலிருந்து வர மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் வாரண்டி முடிந்துபோனது. கவுண்டரில் புதுப் பையன் ஒருவன் பில்லை அடித்துக்கொண்டு வந்தான், டொலர் ஏறின விலையில். டிசெம்பர்க் கார்டின் படத்தைப் போனில் காட்டினேன். முறைப்பாடு வாரண்டிக்குள் பதிவானது. பில் உள்ளே போய் பூச்சியமாகித் திரும்பி வந்தது.

வாரண்டியின் மூன்று வருஷத்தில் என் கார் ஓடினது இருபத்தோராயிரம் கிலோமீற்றர். பாதி நாள் ஊரடங்கிலும் பெற்றோல் வரிசையிலும் போனது. வாரண்டிக்கு அது தெரியாது, அதற்கு நாள்காட்டி மட்டும்தான் தெரியும். நீடித்துத் தரச் சொல்லிக் கேட்டேன், வாயால் "பார்ப்போம்" என்றார்கள். காசு கொடுத்து நீடிக்கிற திட்டம் ஒன்று இருந்தது. அதை வாரண்டி முடிய முதலே எடுக்க வேண்டும் என்பதை முடிந்த பிறகு சொன்னார்கள்.

ஆனாலும் விற்கவில்லை. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் நான் வாங்கின விலைக்கு மேலே ஒரு கோடி தருவதாகப் புரோக்கர்மார் வாசலில் நின்றார்கள். விற்றால் எதை வாங்குவது? தவிர, பாதை திறந்து கிடக்கும் விடியற்காலையில் அதிவேகப் பாதையில் காலிக்குப் போய்ப் பாருங்கள். நூறில் போகும்போது உள்ளே மனைவி முணுமுணுக்கிற தேவாரம் கேட்கும். அதற்காக நிறைய மன்னிக்கலாம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததும் மச்சானுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வரி எல்லாம் சேர்ந்து விலை எங்கேயோ நின்றது, அவன் கேட்கிற ஆளில்லை. வேறொரு கம்பனியின் ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவன் தோல் இருக்கையைத் தடவிக்கொண்டிருக்க, நான் வேலைத்தளத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பனைப் பையன் கொஞ்சம் திகைத்தான், கூட்டிக்கொண்டு போனான். எத்தனை கார் காத்து நிற்கிறது, சேர்விஸுக்கு எத்தனை நாள் முன்னால் பதிய வேண்டும், வேலை இழுபட்டால் மாற்றுக் கார் தருவார்களா, வீதி உதவி வவுனியாவுக்கு வருமா, பற்றறிக்கும் ரயருக்கும் வாரண்டி எவ்வளவு, நீடிக்கிற திட்டத்தை எப்போதைக்குள் எடுக்க வேண்டும் என்று கேட்டு, பதில்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். வவுனியாவுக்கு வராதாம், சரி, எழுத்தில் இருக்கிறதே.

காரைக் கையில் எடுக்கிற நாள் ரிப்பன், கேக், படம் எல்லாம் அப்படியே இருந்தது. விற்பனைப் பையன் மச்சானைப் பார்த்துச் சிரித்தான். "சேர், எங்கட பக்கத்தால ஒரு டாஷ் கேமரா இலவசமா பூட்டித் தாறம்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்த ஃபியூஸில் தம்பி?" என்று கேட்டேன்.

அவன் உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான்.